366 நாள், 349 அட்டை: காவேரிப்பட்டணம் அருகே ஓர் ஆண்டுக் குவில்லிங் முயற்சி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வசிக்கும் என் அக்கா, 2023 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில், நாளுக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் பேப்பர் குவில்லிங் (காகிதக் கீற்றுகளைச் சுருட்டி அட்டையில் ஒட்டும் கலை) செய்யத் தொடங்கி, 2024 ஏப்ரல் 13 அன்று, பங்குனி கடைசி நாளில், முடித்தார். அவருக்கு அப்போது வயது 43. அங்கன்வாடிப் பணியாளர். வீட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பு மனையும் உண்டு. கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர் என ஐந்து பேருக்குச் சமையலும் உண்டு. அந்த ஓர் ஆண்டில் 349 அட்டைகள் முடிந்தன. 17 நாள்கள் வெறுமையாகப் போயின.

அந்த 17 நாள்கள் ஏன் வெறுமையாகப் போயின என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 349 எப்படி முடிந்தது என்று கேட்பதுதான் வழக்கம். அதற்கு எல்லாரும் ‘விடாமுயற்சி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள், அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. நின்றுபோன இடங்களைப் பார்த்தால்தான் வண்டி எதனால் ஓடியது என்பது தெரியும்.

இதில் நான் வெளியாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வேலை செய்கிறேன். அக்காவுக்கு அட்டைகளையும் காகிதக் கீற்றுகளையும் வெட்டிக் கொடுத்தவன் நான்தான். அன்றாடம் அவர் எழுதிவந்த குறிப்பு நோட்டு ஒன்றும், அச்சகத்தில் எந்த நாளில் எந்த வேலை ஓடியது என்று நான் எழுதிவைக்கும் ஜாப் நோட்டு ஒன்றும் இந்த ஆய்வுக்குச் சான்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணம் ஆண்டு முடிந்த பிறகே எனக்கு வந்தது.

விதிகள்

தொடங்குவதற்கு முதல் நாள் இரவு, நாங்கள் இருவரும் உட்கார்ந்து சில விதிகளை வகுத்துக்கொண்டோம். அட்டை 7.5 செ.மீ. சதுரம், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வெள்ளை. அன்றைய அட்டை அன்று இரவு படுப்பதற்குள் ஒட்டி முடிந்திருக்க வேண்டும். பின்பக்கம் பென்சிலில் தமிழ்த் தேதி எழுத வேண்டும். ஒரே நாளில் இரண்டு செய்து, ஒன்றை மறுநாள் கணக்கில் வைக்கக் கூடாது. விட்டுப்போன நாளைப் பிறகு நிரப்பவும் கூடாது. எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்வி வந்தபோது, ஒரே ஒரு சுருள் ஒட்டினாலும் அது அன்றைய அட்டைதான் என்று அக்கா சொன்னார். ஒரு சுருளுக்கு ஒரு நாளா என்று எனக்கு அது அப்போது ஏமாற்று வேலையாகப் பட்டது. 349-இல் 41 அட்டைகள் அப்படி ஒற்றைச் சுருளோடு இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் இந்த முயற்சி வைகாசியைத் தாண்டியிருக்காது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அட்டைகளை மாட்ட 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை வாங்கினோம். தமிழ் மாதம் ஒன்றுக்கு ஒரு வரிசை, ஆக 12 வரிசை. வைகாசிக்கும் ஆடிக்கும் 32 நாள் என்பதால் நீளவாக்கில் 32 சதுரம் வேண்டும், 32-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 240 செ.மீ., பலகையின் நீளமோ 244-க்குச் சற்றுக் குறைவு. அளந்து செய்ததுபோல் பொருந்தியது. ஆனால் அட்டையை எண்ணும்போது நான் தவறிவிட்டேன். ஆண்டு என்றால் 365 என்று எண்ணி அத்தனையே வெட்டினேன். 2024 லீப் ஆண்டு. மாசி 17 அன்று பிப்ரவரி 29 வந்து சேர்ந்தது. பலகையில் மாத வரிசைகளைக் கூட்டிப் பார்த்த அக்காதான் அதைக் கண்டுபிடித்தார். “ஒண்ணு குறையுதுடா தம்பி, நீ எந்த காலண்டர பாத்து வெட்டுன?” என்றார்.

கருவியும் கைப்பழக்கமும்

குவில்லிங் என்பது மெல்லிய காகிதக் கீற்றைச் சுருட்டி, விட்டு, கிள்ளி, வடிவமாக்கி, விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி ஒட்டும் வேலை. ஐரோப்பியக் கன்னிமடங்களில், பொன்முலாம் பூசிய புத்தக விளிம்புகளை வெட்டும்போது விழுந்த துண்டுகளைப் பறவை இறகின் தண்டில் சுற்றி, பொற்கம்பி வேலைப்பாடு போலத் தோன்றும்படி புனிதப் பொருள்களை அலங்கரித்தார்கள். இறகைக் குறிக்கும் சொல்லே கலைக்கும் பெயராயிற்று. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கானது. வெட்டுக் கழிவில் பிறந்த கலை என்பது, நாளெல்லாம் வெட்டுக் கழிவைக் கூட்டி அள்ளும் எனக்குப் பிடித்த செய்தி.

அக்காவின் கருவி ஒரு கோணி ஊசி. அதன் காதின் நுனியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டால் இரண்டு முனை கொண்ட கவை கிடைக்கும்; அதைத் தீர்ந்துபோன பேனாவின் உடலில் செருகிக்கொண்டார். கீற்றின் நுனியைக் கவையில் கொடுத்துச் சுற்றினால் சுருள். கோணி ஊசியின் காது அகலம் என்பதால் சுருளின் நடுவில் சிறு மடிப்பும் ஓட்டையும் விழுந்தன. சித்திரை மாத அட்டைகள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டையைப் பார்க்கலாம். வைகாசியில் சிறிய ஊசிக்கு மாறினார். அதே மாதக் கடைசியில், ஊசியின் காதே கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டார். வெள்ளெழுத்து வந்திருப்பதைக் குவில்லிங்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

ஏ4 தாளின் நீளவாக்கில் வெட்டிய 297 மி.மீ. கீற்றை இறுக்கிச் சுருட்டினால் ஏறத்தாழ 6 மி.மீ. விட்டமுள்ள வில்லை கிடைக்கும். அங்கன்வாடிப் பிள்ளைகள் அதற்கு ‘வடை’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது. விரலைத் தளர்த்தினால் சுருள் விரியும். ஒரு பக்கம் கிள்ளி வளைத்தால் ‘மாங்கா’, இரு பக்கம் கிள்ளினால் ‘கண்ணு’. சிக்கல் என்னவென்றால், ஒரு பூவுக்கு ஐந்து இதழ் வேண்டுமென்றால் ஐந்து சுருளும் ஒரே அளவில் விரிய வேண்டும். கடையில் விற்கும் வட்டம் போட்ட பலகையை வாங்கவில்லை. மாமியார் சாப்பிட்டு முடித்த பிரஷர் மாத்திரை அட்டையின் குழிகளைப் பயன்படுத்தினார். சுருளைக் குழிக்குள் வைத்து விரலை எடுத்தால், அது குழியின் சுவரைத் தொட்டு நின்றுவிடும். பத்துக் குழியிலும் பத்துச் சுருள், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. பெரிய இதழுக்கு வேறு மாத்திரை அட்டை.

பசைக்கு ஃபெவிகால், தொட்டு வைக்கத் தென்னை ஈர்க்குச்சி. பசை கூடினால் காய்ந்த பிறகு பளபளவென்று திட்டுத் தெரியும். முதல் மாதத்தில் அந்தத் திட்டு இல்லாத அட்டை குறைவு. ஆனிக்குப் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சந்திரிகை அட்டை

ஆண்டின் அட்டைகளில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டுப்புழு பழுத்ததும் கூடு கட்டுவதற்காக விடும் மூங்கில் தட்டியைச் சந்திரிகை என்பார்கள். பாயின்மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திப் பின்னியிருப்பார்கள், சுருளின் இடைவெளியில் புழு கூடு கட்டும். இப்போது பிளாஸ்டிக் வலைகள் வந்துவிட்டதால், அக்கா வீட்டுப் பழைய சந்திரிகைகள் மனையின் வெளிச்சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. ஆனியில் ஒரு மாலை அவற்றின் முன்னால் நின்றவர், “நாம தெனம் பண்றத நம்ம வீட்டு செவுத்துலயே சாத்தி வெச்சிருக்கோம் பாரு” என்றார்.

செய்வது சுலபம் என்று நினைத்துத்தான் தொடங்கினார். ஆனால் குவில்லிங் சுருள் தன் விசையாலேயே விரிவது. அதன் இடைவெளி நடுவில் நெருக்கமாகவும் வெளியே அகலமாகவும் இருக்கும். சந்திரிகையிலோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடைவெளி. ஆகவே சுருட்டிவிட்டு விரிக்கும் வழி உதவாது. கீற்றை விளிம்பில் நிறுத்தி, சுற்றுச் சுற்றாக அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். ஐந்து கீற்றுகளை முனையோடு முனை ஒட்டி ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரே நாடாவாக்கினார். இடைவெளிக்கு அளவுகோல் ஒரு தீக்குச்சி. குச்சியைச் சுற்றுகளுக்கு நடுவில் படுக்கவைத்து, ஒரு விரற்கடை ஒட்டி, பசை பிடிக்கும்வரை காத்து, குச்சியை நகர்த்தி, மறுபடி ஒரு விரற்கடை. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது எழுந்தார். ஏறத்தாழ 6 செ.மீ. விட்டத்தில், இடைவெளி பிசகாத சுருள். அதற்குள் வெள்ளைக் காகிதத்தில் மூன்று சிறு ‘கண்ணு’கள், கூடுகளாக.

மறுநாள் அட்டையில் ஒரே ஒரு வடை. நோட்டில், “கழுத்து வலி” என்று இரண்டே சொல்.

கீற்று என்ற பொருள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கலையில் கடினமான பகுதி சுருட்டுவதும் ஒட்டுவதும்தான் என்று தோன்றும். ஓர் ஆண்டு அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு: கடினமான பகுதி, நல்ல கீற்று நாளும் கையில் இருப்பது.

கீற்றைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. ஆனால் 5 மி.மீ. கீற்றின் அகலம் ஓரிடத்தில் 4-ஆகவும் ஓரிடத்தில் 6-ஆகவும் போனால், சுருளின் முகம் சமமாக அமராமல் படிப்படியாக மேடுபள்ளமாகும். கட்டிங் மிஷினில் வெட்டினால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு தொல்லை. கத்திக்கு முன்னால் காகிதக் கட்டை இரும்புத் தகடு அழுத்திப் பிடிக்க வேண்டும், 5 மி.மீ. அகலத்தை அதால் பிடிக்க முடியாது. ஆகவே பெரிய கட்டைப் பிடிக்கவைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் 5 மி.மீ. முன்னால் தள்ளித் தள்ளிக் கீற்றைக் கத்தியின் முன்பக்கம் விழவைக்க வேண்டும். 210 மி.மீ. அகலக் கட்டில் கணக்குப்படி 42 கீற்று; ஆனால் தகட்டுக்கு அடியில் மாட்டிய கடைசிப் பகுதியை வெட்ட முடியாது, அது கழிவு. கத்தியின் அழுத்தத்தில் கீற்றுகளின் ஓரம் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விசிறிபோல் வளைத்துப் பிரிக்க வேண்டும்.

காகிதத்துக்கு நார் ஓட்டம் ஒன்று உண்டு. நாருக்குக் குறுக்கே வெட்டிய கீற்று வழுக்கிக்கொண்டு சுருளும், ஆனால் சற்று இழுத்தாலும் அறும். நாரோடு வெட்டியது அறாது, ஆனால் முரண்டு பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு மாதம் கைக்குக் கிடைத்த பக்கம் வெட்டிக் கொடுத்தேன். “இந்த பச்சை மட்டும் ஏன்டா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது?” என்று அக்கா கேட்டபோதுதான், பச்சைத் தாளை மட்டும் திருப்பி வைத்து வெட்டியிருந்தது நினைவுக்கு வந்தது.

புரட்டாசி அட்டைகள் தட்டையாக, உயிரில்லாமல் இருப்பதற்குக் காரணமும் கீற்றுதான். வெளிச்சம் நன்றாக வருகிறதென்று, கீற்றுப் பெட்டியைப் புழு மனையின் அலமாரியில் வைத்திருந்தார். இளம் புழுவுக்கு 80 சதவீதத்துக்கும் மேலான ஈரப்பதம் வேண்டும். மனையை அப்படித்தான் வைத்திருப்பார்கள். புழுவுக்கு நல்லது காகிதத்துக்கு ஆகாது. ஈரம் ஏறிய கீற்று விசையிழந்து, சுருட்டிவிட்டால் விரியாமல் துவண்டு படுத்தது. மழையும் சேர்ந்துகொள்ளவே, எங்கே தவறு என்று கண்டுபிடிக்கப் பத்து நாளாயிற்று. அதன் பிறகு பெட்டி சமையலறைப் பரணுக்குப் போனது: மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா, உள்ளே துணியில் முடிந்த ஒரு கைப்பிடி அரிசி. ஐப்பசி மழையிலும் கீற்று விறைப்பாக இருந்தது.

வெறுமையான 17

இனி அந்த 17 நாள்கள். ஆண்டு முடிந்து பலகையைக் கூடத்துச் சுவரில் மாட்டியபோது, பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். மாமா, “புழு பழுக்கற நாள்ல எங்க நேரம், அப்பத்தான் உட்டிருப்பா” என்றார். நானும் அப்படியே நம்பினேன். அந்த ஆண்டில் ஆறு முறை புழு வளர்த்தார்கள்; கடைசியான ஐந்தாம் பருவத்தில் புழு மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தின்னும், இரவு பத்து மணிக்கும் இலை போட வேண்டும்; பழுத்த புழுவைப் பொறுக்கி விடும் நாளில் வீட்டில் யாருக்கும் சோறு தண்ணீர் கிடையாது. போதாததற்கு, நவம்பரில் வாக்காளர் பட்டியல் முகாம் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

நோட்டு வேறு கதை சொன்னது. ஆறு முறையும், புழு பழுத்த நாள்களில் ஒன்றுகூட வெறுமையாக இல்லை. எல்லாவற்றிலும் ஒரு வடை இருக்கிறது; ஒன்றில் மல்பெரி இலைச் சாறு பட்ட பச்சைக் கட்டைவிரல் ரேகையும் இருக்கிறது. முகாம் நாள்களும் அப்படியே. வெறுமை இருந்தது நான்கே இடங்களில். புரட்டாசியில் காய்ச்சலுக்கு 3 நாள். கார்த்திகையில் நெருங்கிய உறவில் ஒரு சாவு, 5 நாள். இந்த எட்டுக்கும் விளக்கம் வேண்டியதில்லை. மீதி ஒன்பது: ஆவணி 11 முதல் 14 வரை நான்கு, தை 9 முதல் 13 வரை ஐந்து. இந்த ஒன்பது நாளுக்கும் நோட்டில் காரணம் எழுதியிருக்கவில்லை. வீட்டில் எல்லாரும் நலம். தையில் மனையில் புழுகூட இல்லை, கழுவிக் காயவிட்டிருந்தார்கள்.

அந்தத் தேதிகளை என் ஜாப் நோட்டில் தேடினேன். ஆகஸ்ட் 28 முதல் 31 வரை, ஜனவரி 23 முதல் 27 வரை. இரண்டும் முகூர்த்தப் பத்திரிகை நெரிசல். இரவு பதினோரு மணிவரை மிஷின் ஓடியிருக்கிறது. அச்சகத்தின் தரையில் வண்ண வண்ணமாகக் கழிவு முழங்கால் உயரத்துக்குக் கிடந்த நாள்கள் அவை. அக்காவின் டப்பாவில் கீற்று தீர்ந்திருந்த நாள்களும் அவையே. ஆவணியில் அவர் போன் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. “கீத்து தீந்து போச்சு தம்பி” என்றார். நாளைக்கு வெட்டித் தருகிறேன் என்றேன். நான்கு நாளும் அதையே சொன்னேன். தையில் அவர் போன் செய்யவே இல்லை. ஏன் என்று ஆண்டு முடிந்த பிறகு கேட்டேன். “கல்யாண சீசன்ல நீயே தூங்காம கெடப்ப, ஒன்ன எதுக்கு தொந்தரவு பண்றது?” என்றார்.

கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆவணி 10, தை 8 ஆகிய இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். இரண்டிலும் சுருளின் முகம் மேடுபள்ளமாக இருக்கிறது, கத்தரிக்கோல் கீற்று. ஒரு நாள் முயன்றிருக்கிறார், தன் கைக்கே பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டார். ஒற்றைச் சுருளுக்கு இறங்கிவரத் தயங்காதவர் கோணல் சுருளுக்கு இறங்கிவரவில்லை. அளவைக் குறைத்துக்கொள்ள விதியில் இடம் வைத்திருந்தோம். தரத்தைக் குறைத்துக்கொள்ள இடம் வைக்கவில்லை, அவராகவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, தனியொருவரின் அன்றாட முயற்சி என்று நாங்கள் எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு பேர் வேலை. அதில் ஒருவர் நாள்தோறும் தன் பங்கைச் செய்தார். மற்றவன் நினைத்தபோது செய்தான். யாராவது இப்படியொரு முயற்சியைத் தொடங்குவதாக இருந்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதற்கு முன்னால் குறைந்தது இரண்டு மாதக் கீற்றை வெட்டி டப்பாவில் அடைத்துவிடும்படி சொல்வேன். தை 14 அன்று, அது ஒரு ஞாயிறு, அச்சகத்துக்குப் போய் நான் செய்ததும் அதுதான்: நிறத்துக்கு ஒரு கட்டாக, மாசி பங்குனி இரண்டு மாதத்துக்கும் போதுமான கீற்று. அதற்குப் பிறகு ஒரு சதுரமும் வெறுமையாகவில்லை. பங்குனியின் கடைசி வாரத்தில், சீசனுக்கு முந்தி வந்த கிளிமூக்கு மாங்காயைப் பார்த்துப் பார்த்து, மூக்கின் வளைவு சரியாக வரும்வரை மூன்று நாள் மூன்று அட்டை செய்தார், மூன்றாவதில் வந்தது.

நான் வெட்டிய 365-இல் 349 போக 16 வெற்று அட்டைகள் மிஞ்சின. அவற்றில் புதிதாகச் செய்து காலி இடங்களை நிரப்பிவிடலாம் என்று நான் சொன்னபோது, விதியை நினைவூட்டி அக்கா மறுத்தார். ஆனால் ஒன்பது அட்டைகளை மட்டும் எடுத்து, பின்பக்கம் ஆவணித் தேதி நான்கையும் தைத் தேதி ஐந்தையும் எழுதி, வெற்று முகம் தெரியும்படி அந்தந்தச் சதுரத்தில் ஒட்டினார். “அன்னிக்கு ஊசி இருந்துது, பசை இருந்துது, நானும் உக்காந்துதான் இருந்தேன்” என்றார். காய்ச்சலுக்கும் சாவுக்கும் உரிய எட்டுச் சதுரங்கள் வெறும் பலகையாகவே இருக்கின்றன. மீதி ஏழு அட்டைகள் அச்சகத்தில் என் ஜாப் நோட்டுக்குள் இருக்கின்றன.